பழைய காடியின் டிஜிட்டல் ஏர்கோன் டிஸ்ப்ளேயில் எண்கள் பாதி மறையுது: பேனலை மாத்தணுமா, பழுது பார்க்கலாமா?

செம்மண்_ரோடு (சுங்கை சிப்புட்)

வணக்கம். காடி 1998-இல் பதிவானது, ஜப்பான் செடான், 2.0, ஆட்டோ ஏர்கோன். ரேடியோவுக்குக் கீழே பட்டன்களும் நடுவில் சின்ன எல்சிடி டிஸ்ப்ளேயும் உள்ள பேனல். பச்சை வெளிச்சத்தின் மேல் கறுப்பு எண்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எண்கள் முழுசா வருது. வெயிலில் நிறுத்திட்டு மதியம் எடுத்தால் வெப்பநிலை காட்டும் இரண்டு எண்ணிலும் நடுக்கோடு காணாமல் போகுது. 8-க்கும் 0-க்கும் வித்தியாசம் தெரியாது. காற்று வேகத்தைக் காட்டும் படத்திலும் சில துண்டுகள் போயிடுது. பேனலின் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் எல்லாம் திரும்பி வருது, கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி போகுது. இது தவிர, ராத்திரியில் டிஸ்ப்ளேயின் இடது பாதி இருட்டா இருக்கு.

கூலிங் நல்லா இருக்கு, பட்டன் எல்லாம் வேலை செய்யுது. இங்கே வயர்மேன் பேனலையே மாத்தணும் என்கிறார். ஹாஃப்கட் கடையில் (பழைய காடிகளை வெட்டிப் பாகங்களை விற்கும் கடை) பார்க்க இதே மாதிரி ஒன்று இருக்கு, ஆனால் வேறு மாடலில் இருந்து கழட்டினது. வாங்கலாமா? இல்லை, இருப்பதையே திறந்து சரி பண்ண முடியுமா? மல்டிமீட்டர் இருக்கு, 40 வாட் சாதா சோல்டரிங் அயர்ன் இருக்கு.

ஈயக்கோல் (தைப்பிங்)

தம்பி, பேனலை வாங்க வேண்டாம். கூலிங்கும் பட்டன்களும் சரியா இருக்குன்னா போர்டில் உள்ள மூளை ஐசி உயிரோட இருக்கு. அங்கிருந்து எல்சிடி கண்ணாடிக்குப் போகிற வழியில்தான் எங்கேயோ தொடர்பு விட்டுப்போகுது. இது பழுது பார்க்கக்கூடிய வகை.

எந்தக் கோடு மறையுது என்பதைக் கவனமா எழுதியிருக்கீங்க, அதுதான் இங்கே முக்கியம். இந்த மாதிரி எல்சிடியில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித் தடம் கிடையாது. கோடுகளை இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு பொதுத் தடம், அதைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் சில தனித் தடங்கள் என்று ஓட்டியிருப்பாங்க. தனித் தடம் ஒன்று விட்டுப்போனால் ஒரே எண்ணில் மட்டும் இரண்டு மூன்று கோடு போகும், பக்கத்து எண் சுத்தமா இருக்கும். பொதுத் தடம் விட்டுப்போனால் எல்லா எண்ணிலும் ஒரே இடத்தில் உள்ள கோடு போகும், மற்ற படங்களிலும் துண்டு துண்டா காணாமல் போகும். உங்களுடையது இரண்டாவது வகை. அப்படின்னா இடது ஓரத்தில் ஒரே ஒரு தொடர்பு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடி நல்லாத்தான் இருக்கணும்.

ஆனால் திறப்பதற்கு முன் இவ்வளவும் பாருங்க.

முதலில் பேனலைத் தொடாமல், பின்னால் உள்ள பிளக்கை மட்டும் மெதுவா ஆட்டுங்க. அதில் எண்கள் போய்வந்தால் பிளக் கால்களில் ஈயம் (சோல்டர்) விரிசல் விட்டிருக்கு. பிளக்கை ஆட்டி ஒன்றும் ஆகாமல், முகப்பை அழுத்தினால் மட்டும் திரும்பினால் கண்ணாடியின் ஓரம்.

அடுத்து பிளக்கில் மின்சாரம். இதற்குள் பொதுவா நாலு வயர் முக்கியம்: சாவி இல்லாமலே எப்போதும் வருகிற 12 வோல்ட் (ஞாபகத்துக்கு), சாவி போட்டால் வருகிறது, விளக்கு போட்டால் வருகிறது, எர்த். என்ஜின் ஓடும்போது சாவி வயரில் 13.8-இலிருந்து 14.4 வரை இருக்கணும். எர்த்தை வெறும் ஓம் வைத்துப் பார்த்தால் ஏமாத்தும். ஊதுகாற்றை முழு வேகத்தில் வைத்து, பிளக்கின் எர்த் காலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் அளங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை, அதை முடித்துவிட்டுத்தான் மற்றது. ஊதுகாற்று வேகம் மாறும்போது எண்கள் நடுங்கினாலும் இதே காரணம்தான்.

இன்னொன்று: ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் நீங்க வைத்த வெப்பநிலை மறந்து, அதே ஒரு எண்ணுக்குத் திரும்பிப் போகுதா? அப்படின்னா எப்போதும் வரவேண்டிய 12 வோல்ட் வரவில்லை. அது ஃபியூஸ் வேலை, பேனல் வேலை இல்லை.

இருட்டான இடது பாதி தனி வியாதி. கைவிளக்கைச் சாய்த்து அடிச்சுப் பாருங்க. எண்கள் அந்தப் பக்கம் தெரிந்தால் உள்ளே பல்ப் போயிருக்கு, அவ்வளவுதான்.

செம்மண்_ரோடு

பார்த்தேன் அண்ணே. எப்போதும் வருகிற வயரில் 12.5, என்ஜின் ஓடும்போது சாவி வயரில் 14.1. எர்த்தில் முழு வேகத்தில் 0.04. விளக்கு வயரும் வருது. வெப்பநிலை மறக்கவில்லை. பிளக்கை எவ்வளவு ஆட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை, முகப்பின் இடது ஓரத்தை அழுத்தினால் மட்டும் திரும்புது. கைவிளக்கு அடித்தால் இருட்டுப் பக்கத்திலும் எண் தெரியுது.

அப்போ திறக்க வேண்டியதுதான் போல. எதையும் உடைக்காமல் எப்படிப் போகிறது என்று சொல்லுங்க.

ஈயக்கோல்

அளவு எல்லாம் சுத்தம். கண்ணாடி ஓரம்தான், பல்ப் ஒன்றும் போயிருக்கு. நிதானமா எழுதுறேன், நிதானமா செய்யுங்க.

பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. கழட்டும் முன் ரேடியோவுக்கு ரகசிய எண் தேவையா என்று புத்தகத்தில் பார்த்துவிடுங்க, சில பழைய ரேடியோ மின்சாரம் போனால் பூட்டிக்கொள்ளும். ஏர்பேக் உள்ள காடி என்றால் உடனே கை வைக்காதீங்க. சில தயாரிப்பில் 90 வினாடி, சிலதில் 3 நிமிடம் காத்திருக்கச் சொல்லுவாங்க. 10 நிமிடம் விட்டால் எதற்கும் பயமில்லை. மஞ்சள் பிளக், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடாதீங்க.

முகப்பு பிளாஸ்டிக் பழசு, நம்ம வெயிலில் வறண்டு போயிருக்கும். இரும்பு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கிளிப் உடையும், விளிம்பில் தழும்பு விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் எடுங்க, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்க. டாஷ்போர்டு சூடா இருக்கும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் வளையும், அதனால் காலைக் குளிரை விட வெயில் ஏறின பிறகு கழட்டுவது நல்லது. எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்தது என்று தாளில் படம் போட்டு அதன் மேலேயே ஒட்டி வையுங்க. நீளமான ஸ்குரூவைக் குட்டை இடத்தில் போட்டால் போர்டைக் குத்தும்.

பேனலைப் பிரித்ததும் கண்ணாடியும் போர்டும் எப்படி இணைந்திருக்கு என்று பாருங்க. இரண்டு வகை உண்டு. ஒன்று சீப்ரா ரப்பர்: கண்ணாடி ஓரத்துக்குக் கீழே நீளமா ஒரு ரப்பர் பட்டை, பார்த்தால் சாம்பல் அல்லது கறுப்பு. கார்பன் கலந்த மெல்லிய அடுக்கும் மின்சாரம் கடத்தாத சிலிக்கோன் அடுக்கும் மாறி மாறி இருக்கும். ஒட்டு கிடையாது, அழுத்தம் ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று மெல்லிய பிளாஸ்டிக் நாடா, சூட்டால் கண்ணாடியிலும் போர்டிலும் ஒட்டியது. அழுத்தினால் திரும்பி வருகிறது இரண்டிலும் நடக்கும், ஆனால் வைத்தியம் வேற வேற. நாடாவாக இருந்தால் இழுத்துப் பார்க்காதீங்க, படம் பிடித்து இங்கே போடுங்க, அப்புறம் பேசலாம்.

சீப்ரா என்றால் இப்படி. கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டத்துக்குச் சின்ன ஸ்குரூ இருக்கும், அல்லது போர்டுக்குள் நுழைத்து முறுக்கிவிட்ட இரும்புக் காதுகள். காதை நேராக்க மூக்குக் குறடு போதும். ஒரே தடவைதான் நேராக்கணும், அங்கும் இங்கும் வளைத்தால் முறியும். தூக்கும் முன் கண்ணாடியின் ஓரத்திலும் போர்டிலும் மார்க்கர் பேனாவால் ஒரு குறி வையுங்க. ரப்பர் எந்தப் பக்கம், எந்த முனை எந்த முனை என்பதும் குறி வேணும். இரண்டு ரப்பர் இருந்தால் நீளம் ஒரே மாதிரி தெரிந்தாலும் மாத்திப் போடாதீங்க.

சுத்தம் பண்ண ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம். ஃபார்மசியில் விற்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். பஞ்சு நார் விடும், கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி நல்லது. துணியை நனைத்து ரப்பரை நீளவாக்கில் ஒரே திசையில் துடைங்க. ஊறவைக்காதீங்க. துடைத்த முகத்தை விரலால் தொடாதீங்க, விரல் எண்ணெயே ஒரு கோட்டை மறைக்கும். கண்ணாடி ஓரத்தில் உள்ள தடங்கள் ஒளி ஊடுருவும் படலம், கண்ணுக்குத் தெரியாது, அங்கே கத்தி படக்கூடாது. போர்டில் உள்ள தடம் தங்க நிறமா இருந்தால் வெள்ளை பென்சில் ரப்பரால் லேசா தேய்த்து, பிறகு ஆல்கஹால். கறுப்பா இருந்தால் அது கார்பன் மை, பென்சில் ரப்பர் பட்டால் உரிந்துவிடும், ஆல்கஹால் மட்டும். தின்னர், அசிட்டோன், எண்ணெய் கலந்த ஸ்பிரே எதுவும் இந்தப் பக்கமே வரக்கூடாது.

துடைத்தால் மட்டும் போதும் என்று நிறையப் பேர் மூடிவிடுவாங்க, சில மாதத்தில் அதே வியாதி திரும்பும். ஏனென்றால் அழுக்கு பாதிக் காரணம்தான். இத்தனை வருடம் சூட்டில் அமுங்கியே இருந்ததால் ரப்பர் தட்டையாகி, திருப்பி உந்துகிற வலுவை இழந்திருக்கும். மதியம் மறைவதற்கும் காரணம் அதுவே: நிறுத்தின காடியில் டாஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும், பிளாஸ்டிக் சட்டம் விரியும், கண்ணாடி அவ்வளவு விரியாது, ஏற்கெனவே குறைந்த அழுத்தம் இன்னும் குறையும். அதனால் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டணும். சட்டத்துக்கும் கண்ணாடியின் மேல் ஓரத்துக்கும் நடுவே, ரப்பருக்கு நேர் மேலே, 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் வெப்பம் தாங்கும் டேப்பை நீளமா ஒட்டுங்க. இரண்டு ஓரத்திலும் ஒரே தடிப்பு. ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் கண்ணாடி சாய்ந்து, இறுக்கும்போது மூலையில் விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்திலிருந்து கறுப்பு மை மாதிரி பரவும், அதற்கு மருந்து கிடையாது. ரப்பருக்குக் கீழே எதையும் வைக்காதீங்க, மின்சாரம் போகிற வழியே அதுதான்.

ஸ்குரூவை மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. முழுசா மூடும் முன் பேனலைப் பிளக்கில் மட்டும் மாட்டி, பேட்டரியைப் போட்டு, எல்லாக் கோடும் வருதா பாருங்க. 88 காட்டுகிற வழி (எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் வருவது) உங்க காடியில் இருந்தால் அதுவே நல்ல சோதனை. பேட்டரியை மறுபடி கழட்டிவிட்டுத்தான் பேனலை எடுக்கணும்.

திறந்த கையோடு போர்டின் பின்பக்கத்தையும் பாருங்க. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பிளக் கால், பல்ப் சாக்கெட் கால், சூடாகிற பெரிய ரெசிஸ்டர், மூன்று கால் ரெகுலேட்டர் (வோல்ட்டை நிலையா வைத்திருப்பது), இந்த இடங்களில் காலைச் சுற்றி வட்டமா மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் ஈயம் விரிசல். உங்க 40 வாட் அயர்ன் இந்தப் பெரிய கால்களுக்குப் போதும். பழைய ஈயத்தின் மேலே புதுசை அப்பாமல், செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபிளக்ஸ் (ஈயம் நல்லா பிடிக்க உதவும் பசை) தடவி, 63/37 ஈயக்கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) புதுசா வையுங்க. அது 183 டிகிரியில் உருகும், ஒரு காலுக்கு 2 அல்லது 3 வினாடி போதும். இதற்கு மேல் பிடித்தால் போர்டின் செப்புத் தகடு உரியும்.

மணிக்கூண்டு_வயர்மேன் (தெலுக் இந்தான்)

ஈயக்கோல் அண்ணன் சொன்னது சரி. ஹாஃப்கட் பேனல் பற்றி நான் சொல்றேன்.

பார்க்க ஒரே மாதிரி இருப்பதை நம்பாதீங்க. பட்டன் ஒன்றாக இருக்கும், பின்னால் பிளக் கால் வரிசை வேறாக இருக்கும், உள்ளே இருக்கும் புரோகிராம் வேறாக இருக்கும். கால் மாறினால் 12 வோல்ட் நேரா சென்சார் வழியில் போய் நல்ல பேனலும் போயிடும். பேனல் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் பொருந்தணும். பொருந்தினாலும் அந்தப் பேனலும் உங்களுடைய வயசுதான், அதே ரப்பர் அங்கேயும் தட்டையாகியிருக்கும். விலை மலிவா இருந்தால் கண்ணாடிக்கும் பட்டனுக்கும் ஸ்பேரா வாங்கி வையுங்க, அதுக்கு மட்டும் அது உதவும்.

88 காட்டுகிற வழி கேட்டால்: டொயோட்டா ஆட்டோ ஏர்கோனில் பலதில் ஆட்டோ பட்டனையும் உள்காற்று மாற்றும் பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் எண்ணும் 4 தடவை சிமிட்டும். அப்போதே எந்தக் கோடு இல்லை என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கோளாறு எண் வரும். 00 என்றால் ஒன்றும் இல்லை, 11 உள் வெப்ப சென்சார், 12 வெளி வெப்ப சென்சார், 21 வெயில் சென்சார். கூரைக்கு அடியில், நிழலில் சோதித்தால் 21 சும்மாவே வரும். பயந்து சென்சார் வாங்கிடாதீங்க, வெளியே வெயிலில் நிறுத்தி மறுபடி பாருங்க. நிசான் பழைய ஆட்டோ ஏர்கோனில் என்ஜின் ஸ்டார்ட் ஆன 10 வினாடிக்குள் ஆஃப் பட்டனை 5 வினாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்கணும். முதல் படியே எல்லாக் கோடும் எரியும்.

ஒன்று சேர்த்துக்கிறேன். 90-களின் போர்டைத் திறந்தால் கெப்பாசிட்டர் எல்லாத்தையும் அப்படியே மாத்திடுங்க. திறந்த வேலையோடு முடிந்துடும்.

ஈயக்கோல்

கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை அண்ணே. எல்லாத்தையும் மாத்து என்று சொன்னால் சாதா அயர்ன் வைத்திருப்பவர் நல்ல போர்டைக் கெடுத்துவிடுவார். போர்டின் மேல் ஒட்டி நிற்கும் சின்ன அலுமினிய டப்பா வகைக் கெப்பாசிட்டரைக் குறடால் பிடித்து இழுத்தால் அடித்தகடோடு வரும். கசிவு இருக்கா என்று முதலில் பார்க்கணும். டப்பாவின் அடியில் ஈரம் மாதிரி பளபளப்பு, பக்கத்து ஈயம் மங்கிச் சாம்பலாகியிருப்பது, அயர்ன் பட்டதும் மீன் வாடை, இவை அடையாளம். இவற்றில் ஒன்று இருந்தால் கட்டாயம் மாத்துங்க, ஏனென்றால் அந்தத் திரவம் செப்புத் தடத்தையே அரிக்கும், விட்டு வைக்கிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

மாத்தினால் 105 டிகிரி வகை வாங்குங்க. 10 டிகிரி வித்தியாசத்துக்கு ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதனால் அதே சூட்டில் 85 டிகிரி வகையைவிட நாலு மடங்கு தாங்கும். 12 வோல்ட் பக்கத்தில் 35 வோல்ட் தாங்குவது, 5 வோல்ட் பக்கத்தில் 16 வோல்ட் போதும். மைக்ரோஃபாரட் பழைய அளவே. பக்கம் மாறக்கூடாது: அலுமினிய டப்பாவில் கறுப்பு அடையாளம் மைனஸ். மஞ்சள் அல்லது கறுப்புச் செங்கல் மாதிரி இருக்கும் டான்டலம் வகைக் கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் பிளஸ். இதை மாத்திப் போட்டால் டான்டலம் எரியும், தீப்பொறியே வரும். கழட்டின இடத்தில் கசிவு இருந்தால் தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, அடுத்து டிஸ்டில்ட் வாட்டர், கடைசியா ஆல்கஹால், நல்லா காய்ந்த பிறகு ஈயம். ஈப்போவில் எலக்ட்ரானிக் கடைகளில் கேட்டுப் பாருங்க, கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் ஜாலான் பசாரில் கிடைக்கும்.

கசிவு இல்லை, 7805 ரெகுலேட்டரின் (5 வோல்ட் தரும் அந்த மூன்று கால் பாகம்) வெளிவரும் காலில் 4.8-க்கும் 5.2-க்கும் நடுவே நிலையா இருக்கு என்றால், தம்பியின் போர்டில் கெப்பாசிட்டரைத் தொடவே வேண்டாம்.

மணிக்கூண்டு_வயர்மேன்

சரி, சாதா அயர்ன் என்பதைக் கவனிக்கவில்லை. சூட்டைக் கட்டுப்படுத்துகிற அயர்ன் இல்லாதவங்க அண்ணன் சொல்ற மாதிரியே செய்யுங்க.

பனைமர_நிழல் (பீடோர்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். என்னுடையதில் கோடு எதுவும் குறையவில்லை, ஆனால் டிஸ்ப்ளேயே பழுப்பும் ஊதாவுமா திட்டுத் திட்டா மாறிப்போச்சு. ஓரத்தில் கொப்புளம் மாதிரி தெரியுது. எண்கள் அந்தத் திட்டுக்குள் முங்கிப் போகுது. இதுவும் ரப்பரா?

கண்ணாடித்தாள் (கூலிம்)

இது ரப்பர் அல்ல. எல்சிடி கண்ணாடியின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் போலரைசர் தாள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வெந்துவிட்டது. திரவப் படிகம் கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கிறது, அது நன்றாகவே இருக்கலாம். வெளியே ஒட்டிய தாள்தான் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நேரடியாக அகப்படுகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற காடியில் டிஸ்ப்ளே முழுக்கக் கறுத்துப் போய், ஏர்கோன் போட்டுக் குளிர்ந்ததும் தானாகத் தெளிந்தால், அது திரவப் படிகம் சூட்டில் தன் அமைப்பை இழந்து மீண்டும் பெறுவது. அதற்குப் பழுது வேலை தேவையில்லை, வெயில் தடுப்புத் தட்டி போதும். குளிர்ந்த பின்னும் திட்டு அப்படியே இருந்தால்தான் தாள் கெட்டது. நீங்கள் கொப்புளம் என்று சொல்வதால் தாளேதான்.

கண்ணாடியைச் சட்டத்திலிருந்து முழுவதும் கழற்ற வேண்டும். முன்தாள் மட்டும் கெட்டிருந்தால் பின்தாளைத் தொடாதீர்கள். பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பும் படலமும் தாளோடு சேர்ந்து இருக்கலாம், அதை உரித்தால் அதே வகையில் வாங்க வேண்டிவரும். புது பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு உரியுங்கள். அவசரப்பட்டால் கண்ணாடியின் மெல்லிய மூலை போய்விடும். தாள் வந்த பிறகு பசை நிற்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு வைத்தால் இளகும், பிறகு துடைத்துவிடலாம். கண்ணாடியைச் சுற்றி ஓரத்தில் ஓடும் அடைப்புப் பசையின் மேல் திரவம் தேங்க விடாதீர்கள், ரப்பர் உட்காரும் ஓரத்தையும் சுரண்டாதீர்கள்.

புதுத் தாளை ஒட்டும் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான இப்படிப்பட்ட டிஸ்ப்ளேயில் 45 டிகிரி, ஆனால் எந்தப் பக்கம் 45 என்பது மாறும். அதனால் வெட்டுவதற்கு முன் காகிதம் உரிக்காத முழுத் தாளை, மின்சாரம் ஓடும் டிஸ்ப்ளேயின் மேல் பிடித்து, எண்கள் மிகக் கறுப்பாகவும் பின்னணி மிகத் தெளிவாகவும் தெரியும் வரை திருப்புங்கள். அதற்கு 90 டிகிரி தள்ளினால் எல்லாம் தலைகீழாகும், இருட்டில் வெளிச்ச எண்கள் வரும். பிடித்த நிலையில் கண்ணாடியின் விளிம்பைத் தாளின் மேல் கோடு போட்டு, பிறகு வெட்டுங்கள். பழைய தாள் இருந்த அளவுக்கு மட்டும். ரப்பர் உட்காரும் ஓரத்தின் மேல் ஏறினால் அழுத்தம் கெடும். ஒட்டும் பக்கம் எது என்பதைக் காகிதத்தில் குறித்து வையுங்கள், திருப்பிப் போட்டால் கோணம் எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஒட்டும்போது தூசிதான் எதிரி. எஸ்டேட் பக்கம் வீடு என்றால் முன்வாசலில் உட்கார்ந்து செய்யாதீர்கள், செம்மண் தூள் ஒன்று உள்ளே போனால் அதைச் சுற்றி ஒரு கொப்புளம் நிரந்தரமாக நிற்கும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி அடங்கிய பிறகு உள்ளே உட்கார்ந்து ஒட்டுவது நல்ல வழி, பறக்கும் தூசி ஈரத்தோடு கீழே இறங்கியிருக்கும்.

பனைமர_நிழல்

சட்டத்தைக் கழட்டிப் பார்த்தேன், முன்தாள்தான், பின்னால் சுத்தமா இருக்கு. தாள் ஆர்டர் போட்டிருக்கேன். ரொம்ப நன்றி.

செம்மண்_ரோடு

திறந்தேன். சீப்ரா ரப்பர்தான், மேலே ஒன்று கீழே ஒன்று. கீழ் ரப்பரின் இடது முனை தட்டையாகி மினுமினுப்பா இருந்தது, போர்டில் தடம் தங்க நிறம். சொன்னபடி துடைத்து, இரண்டு ஓரத்திலும் டேப் வைத்து, மூலைக்கு மூலை இறுக்கினேன். பிளக் கால்களில் இரண்டைச் சுற்றி வட்ட விரிசல் இருந்தது, உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வைத்தேன். ரெகுலேட்டரில் 5.02 வோல்ட். கெப்பாசிட்டர் எதிலும் கசிவு இல்லை, தொடவில்லை. மதிய வெயிலில் நிறுத்திப் பார்த்தாச்சு, கோடு எல்லாம் நிற்குது.

மிச்சம் இடது பல்ப். சாக்கெட்டில் திருகி மாட்டுகிற வகை, மேலே பச்சை ரப்பர் தொப்பி. இதுக்கு எல்இடி போட்டால் சூடு குறையுமே, நல்லதா?

இன்னொன்று: பேனலின் பக்கத்தில் சின்ன கிரில், அதன் பின்னால் பெருவிரல் தடிப்பில் ஒரு மடிப்புக் குழாய் கழண்டு கிடந்தது. அது எங்கே போகணும்?

மணிக்கூண்டு_வயர்மேன்

அந்தக் குழாயை விட்டுடாதீங்க! அதுதான் உள்வெப்ப சென்சாருக்குக் காற்று இழுக்கிறது. ஒரு முனை கிரிலுக்குப் பின்னால் உள்ள சென்சார் கூட்டில், மறு முனை ஊதுகாற்றுப் பெட்டியின் பக்கத்தில் உள்ள மூக்கில். கழண்டு கிடந்தால் சென்சார் டாஷ்போர்டுக்குள் தேங்கின சூட்டைத்தான் படிக்கும், 24 வைத்தாலும் ஏர்கோன் ஐஸ் மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். மாட்டும் முன் கிரிலையும் சென்சாரையும் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைங்க. செம்மண் ரோட்டில் ஓடும் காடியில் அங்கே தூசி பஞ்சு மாதிரி அடைந்திருக்கும். ஏர் கம்ப்ரஸர் வைத்து ஊதாதீங்க, சென்சாரின் கால் நூல் மாதிரி, ஒடிந்துவிடும்.

ஈயக்கோல்

பல்ப் பற்றி. அந்த இடத்தில் பொதுவா 1.2 வாட் சின்ன பல்ப், விலை ஒன்றிரண்டு வெள்ளி. பழையதைக் கையில் எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்க, திருகும் அடிப்பகுதி பல தடிப்பில் வரும். இரண்டு பக்கமும் ஒன்றாக மாத்துங்க, ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் வெளிச்சம் ஏறுமாறா தெரியும், அடுத்ததும் சீக்கிரம் போகும். பச்சைத் தொப்பி கிழியாமல் இருந்தால் கழட்டிப் புது பல்ப்பில் மாட்டுங்க.

எல்இடி சூட்டைக் குறைக்கும், ரப்பருக்கும் அது நல்லதுதான். ஆனால் எல்இடி நேர் எதிரே மட்டும் வெளிச்சம் அடிக்கும், பல்ப் சுற்றிலும் பரப்பும். இந்த டிஸ்ப்ளேயின் ஒளிப்பலகை பல்ப்புக்காகச் செய்தது, எல்இடி போட்டால் நடுவில் ஒரு பொட்டும் ஓரத்தில் இருட்டுமா வர வாய்ப்பு அதிகம். டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் அதிலும் சரியா இறங்காது. அதனால் என் விருப்பம் பல்ப்தான். எல்இடியே வேணும் என்றால் மேற்பகுதி தட்டையாக, அகலமா ஒளி பரப்பும் வகை எடுங்க. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் வரிசையில் வையுங்க. 14.4 வோல்ட்டில் சுமார் 11 மில்லிஆம்ப் போகும், ரெசிஸ்டரில் 0.13 வாட், தாங்கும். எரியவில்லை என்றால் கெட்டுப்போச்சு என்று நினைக்காதீங்க, சாக்கெட்டோடு அரை வட்டம் திருப்பி மாட்டுங்க, பக்கம் மாறியிருக்கும்.

முகப்பை மூடும் முன் ஒரு சோதனை. ஊதுகாற்றை நடுத்தர வேகத்தில் வைத்து, டிஷ்யூ தாளில் நகம் அளவு கிழித்து அந்தச் சின்ன கிரிலுக்கு முன்னால் பிடிங்க. தாள் கிரிலில் போய் ஒட்டணும். ஒட்டவில்லை என்றால் குழாய் இன்னும் எங்கேயோ சரியா உட்காரவில்லை, அல்லது நடுவில் மடிந்திருக்கு. அதைப் பார்த்துவிட்டு மூடுங்க.

செம்மண்_ரோடு

இரண்டு பல்ப்பும் மாத்தியாச்சு, வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. குழாய் மடிந்துதான் இருந்தது. நேராக்கி மாட்டினேன், தாள் ஒட்டுது. முகப்பை மூடிட்டேன்.